சந்தேகத்தை வாபஸ் வாங்கச் சொன்னார்கள்

1

ஐப்பசி பிறந்தால் ராயபுரத்தில் மழை. வட இங்கிலாந்தின் இந்தத் துறைமுக ஊரில் மழைக்கு மாதம் கிடையாது. ஐப்பசி பிறந்தால் இங்கே புதுப் பிள்ளைகள். மேற்படிப்புக்கென்று சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், உடம்புக்குப் பொருந்தாத கோட்டும் புதுப் பெட்டியுமாகப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நானும் அதே வாசலில் அப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றேன். இப்போது உள்ளே பாடம் நடத்துகிறேன்.

வருகிறவர்கள் கையில் அலுவலகம் ஒரு அச்சடித்த தாளைக் கொடுக்கிறது. மேற்படிப்பில் தேறுவதற்கான யோசனைகளாம். குடை வாங்கு, நேரம் தவறாதே, ஈரக் காலுறையோடு உட்காராதே. அதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: இந்திய மாணவர்கள் வகுப்பில் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அது ஆசிரியரைப் புண்படுத்தக்கூடும்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரிக்குக் காரணமே நான்தான். தாளில் பெயர் போடவில்லையே தவிர, இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். போகட்டும். அவர்கள் யோசனையை அவர்கள் அச்சடிக்கட்டும், என்னுடையதை நான் தமிழில் எழுதுகிறேன். நாளைக்குப் பெட்டி கட்டப் போகிற ஒரு பெண்ணோ பையனோ ஊரில் எங்காவது இதைப் படித்தால் போதும். நான் ராயபுரத்துக்காரி. கேட்டால்தான் யோசனை சொல்வது என்ற வழக்கமே எங்கள் பக்கத்தில் கிடையாது.

2

அப்பாவுக்கு ராயபுரத்தில் கப்பல் சாமான் கடை. கயிறு, தார், சிவப்புப் பெயிண்ட், லாந்தர் விளக்கு. அவர் பெயர் ஞானமுத்து, என் பெயர் சாராள். இங்கே வந்து இறங்கியதும் ரேஷன் புத்தகம் வாங்கப் போன இடத்தில், “குடும்பப் பெயர்?” என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை, ஞானமுத்து என் அப்பா என்றேன். எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் மிஸ் ஞானமுத்து. யாராவது தாழ்வாரத்தில் அப்படிக் கூப்பிட்டால், அப்பா இங்கே எப்படி வந்தார் என்று முதல் சில மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு, கப்பலேற பம்பாய்க்கு ரயிலில் போனவள் நான். சென்ட்ரலில் வண்டி புறப்படும் நேரத்தில்தான் அப்பா தன் நிபந்தனையைச் சொன்னார். சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்ததில் அவருக்குப் பெருமைதான். ஆனால் கடைக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவர் காதைத் தின்றுவிட்டார்கள்.

“இந்தா பாரு சாராளு. மொத வருசம் தேறிட்டேன்னு சேதி வந்தா சின்னத காலேஜுல சேக்குறேன். பாதில உட்டுட்டு வந்தியோ, ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல கல்யாணம். அப்பறம் என்னிய கொற சொல்லாத.”

அம்மா காசிமேட்டில் பிறந்தவள். அவள் குரலுக்கு ரயில் சத்தம் ஒரு பொருட்டில்லை.

“இன்னாய்யா பேசுற நீ? பொண்ணு ரயிலு ஏறசொல்ல கல்யாணத்த இஸ்துகினு வர்ற?” என்று அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணுடி. யாருக்கோ பயந்துகினு ஜகா வாங்கிட்டு வந்தே, வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன். ஆமா.”

சின்னது என்று அப்பா சொன்னது என் தங்கை ரூத்தை. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு. கணக்கு என்றால் சோறு வேண்டாம் அவளுக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். “அக்கா, பாதில மட்டும் வந்துராத அக்கா! என்னிய கட்டிக் குடுத்துடுவாங்க!” என்று கத்தினாள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே, யோசனைகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ முடிவில் இங்கே ஒரு குழு உட்காரும். இவள் டாக்டர் பட்டத்துக்குத் தொடரலாம் என்று அவர்கள் எழுதினால் தங்கலாம், எழுதாவிட்டால் திரும்பவேண்டியதுதான். நான் திரும்பினால் பந்தலில் நான் மட்டும் உட்காரப் போவதில்லை.

3

கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். சொல்கிறேன்.

டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வாருங்கள். ராயபுரத்தில் மாடிப்படி ஆடுகிற ஒரு இன்ஸ்டிடியூட்டில், கீழே கூட்ஸ் வண்டி போகும் அதிர்வில் எழுத்து தடுமாற, நான் லோயர் பாஸ் பண்ணினேன். கணக்குப்பிள்ளை வேலைக்குத்தான் அது உதவும் என்று நினைத்தேன். இங்கே மகா மேதைகளெல்லாம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு, தட்டித் தருகிற பெண்ணின் தயவுக்குக் காத்துக் கிடக்கிறார்கள். நான் யாருக்கும் காத்திருக்கவில்லை. நடுவே கார்பன் தாளை வைத்து அடித்து ஒரு பிரதியை என்னிடம் வைத்துக்கொண்டேன். பிரதி இல்லாமல் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை. என்ன சொன்னார், எதை வைத்துச் சொன்னார், எனக்கு எது விளங்கவில்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதாத அட்டை குப்பைக்குத்தான் லாயக்கு. அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு வையுங்கள். விரல் நுனி வெட்டிய கையுறை வாங்குங்கள், குளிரில் தராசைத் தொட முடியாது. சோதனைச்சாலையில் கண்ணாடிக் குழாய் ஊதுகிறவரிடமும் நூலகத்தில் சீட்டு எழுதுகிற அம்மாளிடமும் வணக்கம் சொல்லாமல் தாண்டாதீர்கள். பேராசிரியர் ஊரில் இல்லாத நாளிலும் அவர்கள் இருப்பார்கள்.

எழுதுவதை நாளைக்கென்று வைக்காதீர்கள். தினமும் ஒரு பக்கம், குப்பையாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கிலீஷில் வரவில்லையா, தமிழில் எழுதுங்கள். இங்கிலீஷிலேயே யோசிக்கப் பழகவேண்டும் என்று உங்களுக்கு ஒருவர் சொல்வார். எனக்கும் சொன்னார்கள். நான் பழகவில்லை. இரும்பு கடல்தண்ணீரில் துருப்பிடிப்பதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. தகட்டைக் கையில் எடுத்தால் எனக்குள் வருகிற முதல் கேள்வி, ‘இது இன்னாத்துக்கு இப்டி ஆச்சு?’ என்பதுதான். அதைவிட நல்ல கேள்வியை நான் இன்னும் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை. இங்கிலீஷ் மெருகெல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

4

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பம்பாயிலேயே கடலில் போட்டுவிட்டு வாருங்கள்.

நம் வீட்டில் யாராவது சாப்பிடச் சொன்னால் என்ன செய்வோம்? வேண்டாம் என்போம். அவர்கள் விடமாட்டார்கள். “அட, குந்து. ஒரு வாய் துன்னுட்டுப் போ,” என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மறுபடி வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை இலையில் உட்கார்ந்துவிடுவோம். முதல் தடவையே உட்கார்ந்தால், காணாததைக் கண்டவள் என்று பெயர்.

நான் தங்கிய வீட்டுக்காரம்மா முதல் நாள், “இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு?” என்று கேட்டாள். மரியாதையாக, “நோ, தாங்க் யூ,” என்றேன். அவள் பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வருவாள், இரண்டாம் தடவை கேட்பாள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசலில் பூனை கத்துகிற சத்தம்தான் வந்தது. ஒரு வாரம் வயிற்றில் ஈரத்துணி. இதில், இந்தப் பெண்ணுக்குப் பசியே இல்லை, எவ்வளவு நல்ல குணம் என்று பக்கத்து வீட்டில் புகழ்ந்திருக்கிறாள்.

சோதனைச்சாலையிலும் அதே கதை. நாலு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கக் கூடுவார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டார், வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. நானும் ரோஷமாக மூலையில் தராசோடு உட்கார்ந்திருந்தேன். யார் எந்தச் சோதனையில் தோற்றார், எந்த அமிலம் போன மாதம் கெட்டுப்போனது, யார் கட்டுரையை எந்தப் பத்திரிகை திருப்பி அனுப்பியது, எல்லாம் அந்த டீயில்தான் பேசப்படுகிறது என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கேட்ட முதல் தடவையே ‘சரி’ என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் போய் உட்காருங்கள். கோப்பையை யாரும் பிடுங்கிவிட மாட்டார்கள்.

5

இனி அந்த டவுட் கதை.

எங்கள் பேராசிரியர் கப்பல் அடிப்பக்கத்துக்குப் பூசுகிற ஒரு பெயிண்டில் வாழ்நாளைச் செலவழித்தவர். பூசிய இரும்புத் தகடுகளைத் துறைமுகத் தண்ணீரில், சிலவற்றை ஆழத்திலும் சிலவற்றை நீர்மட்டத்திலும், மாதக்கணக்கில் தொங்கவிட்டு, எடுத்து, பெயிண்டையும் துருவையும் நீக்கி எடை போடுவார்கள். எவ்வளவு எடை குறைந்திருக்கிறதோ அவ்வளவு இரும்பைக் கடல் தின்றது என்று கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கில் அவர் தன் அளவுகளைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அவர் பெயிண்ட் பூசிய தகட்டில் எடை குறையவே இல்லை என்று சொல்லலாம். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

அதே சோதனையை வேறு பெயிண்டில் நான் செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. முறை தெரியவேண்டுமே? முன்பு அதைச் செய்த உதவியாளர் வேலையை விட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். ஆகவே எழுந்து நின்றேன். கல்லூரி நாளெல்லாம் நான் சொல்லிப் பழகிய வார்த்தையைச் சொன்னேன்.

“சார், ஐ ஹாவ் எ டவுட்.”

சுண்ணாம்புக் கட்டியோடு அவர் கை அந்தரத்தில் நின்றது. “டவுட்டா? எதில்?”

“இந்த அளவுகளில், சார்.”

“என்னுடைய அளவுகளிலா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. பெரியவர்கள் கோபப்பட்டால் நம் ஊரில் என்ன செய்வோம்? விஷயத்தைச் சின்னதாக்குவோம்.

“ஒரு சின்ன டவுட்தான், சார்,” என்று சிரித்தேன்.

பின் வரிசையில் ஒருவன் இருமலை அடக்கினான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிறகு சொன்னார்கள். நம் ஊரில் சந்தேகம் என்றால் கேள்வி. வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. இவர்கள் ஊரில் டவுட் என்றால், உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அதாவது, முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி துறை முழுக்கக் கூடியிருக்கும் இடத்தில் எழுந்து, உன் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லி, அது சின்ன அவநம்பிக்கைதான் என்று சிரித்தும் வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் தெரியாமல் நான் கேட்கவந்ததைக் கேட்டுவிட்டேன். “எடை போடும் முன்னால் துருவை முழுக்க எடுத்துவிட்டார்களா, சார்? கட்டுரையில் ‘தேய்த்துக் கழுவி’ என்று மட்டும் இருக்கிறது.”

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலைந்தது.

6

திங்கட்கிழமை துணைப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மென்மையான மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். டவுட் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் அர்த்தத்தை விளக்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அப்படியானால் சுலபமாகப் போயிற்று, மிஸ் ஞானமுத்து. பேராசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அவருடைய அளவுகளில் உங்களுக்கு எந்த டவுட்டும் இல்லை, சொன்னதை வாபஸ் வாங்குகிறீர்கள் என்று. வருஷ முடிவுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நினைவிருக்கட்டும்.”

எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். டைப்ரைட்டரில் தாளையும் சொருகினேன். ‘எனக்கு எந்த டவுட்டும்’ என்பது வரைக்கும் வந்து விரல் நின்றுவிட்டது.

இவர்கள் அர்த்தத்தில் எனக்கு டவுட் இல்லை, சரி. எங்கள் அர்த்தத்தில் இருக்கிறதே! நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே! சந்தேகம் என்றால் எங்கள் ஊரில் அதைத் தீர்ப்பார்கள். தீர்ந்தால் போகும், தீராவிட்டால் இருக்கும். வாபஸ் வாங்குவதற்கு அது என்ன கோர்ட்டில் போட்ட வழக்கா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளை உருவிக் கிழித்துப் போட்டேன்.

கிழித்தாயிற்று. அடுத்த நிமிஷம் ரூத் ஞாபகம் வந்தது.

கணித இலாகாவில் ராமசேஷன் என்று ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், மயிலாப்பூர்க்காரர். என் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பார். ஆனால் கெட்டவர் இல்லை. கேள்விப்பட்டு அவரே தேடி வந்தார்.

“உங்க ராயபுரம் வீறாப்பை இங்கே காட்டாதீங்கோ, சாராள். ஒரு வரிதானே? எழுதிக் கொடுத்துட்டு வேலையைப் பாருங்கோ. பட்டம் கைக்கு வந்தப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படலாம்.”

“பட்டம் வந்தா சந்தேகம் வராதுங்க. உத்தியோகம் வரும், பென்ஷன் வரும்.”

“இந்த வாய்தான் உங்களைக் கப்பல் ஏத்தப் போறது,” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் வீட்டுக்குப் போனேன். தண்டையார்பேட்டைக்காரர். கப்பலில் நிலக்கரி தள்ளப் போனவர், யுத்தத்தின்போது இந்த ஊரில் இறங்கி, இங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். மிளகாய்த்தூள் போட்ட சோறு எனக்கு அங்கேதான் கிடைக்கும். அவர் பையன் தொட்டிலை விட்டு இறங்கியதிலிருந்து இங்கிலீஷ்தான். “அத்தா சொல்லுடான்னா டாட்ன்றான் தங்கச்சி. டாட்டாம் டாட்டு!” என்று வருத்தப்பட்டுக்கொண்டே சோறு போட்டவர், என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா, மூஞ்சி சுண்டிப் போய் கீது?”

சொன்னேன்.

“அட, இத்துக்கா? சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாம்மா. இந்த ஊருல நான் யாருகிட்ட சாரி சொல்லல? கதவுல இட்ச்சிக்கினா கதவுகிட்டயே சாரி சொல்லிட்டுப் போறேன். நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?”

“முடியாது பாய்.”

“அப்ப இன்னா பண்ணப் போற?”

“எனக்கு யாரும் பதில் சொல்லலன்னா நானே பாத்துக்கறேன். தகடு கட்டணும். துறைமுகத்துல எடம் வேணும்.”

காதர் பாய் என்னையும் தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். “பேஜாரு புட்ச்ச பொண்ணும்மா நீ,” என்றார். மறுநாள் மேலாளரிடம் கேட்டு, படகுத்துறையில் ஒரு ஓரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

7

அந்தச் சந்தேகம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், படிப்பினால் வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதற்கு வேர் ராயபுரத்து ரேஷன் கடை.

யுத்த காலத்தில், குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அம்மா நகரவில்லை. “குண்டு வியுந்தா வியட்டும். நாம போய்ட்டா கடைய எவன் பாத்துக்குவான்?” என்றாள். ஜப்பான்காரனுக்குப் பயப்படாதவள் ரேஷன் கடைக்காரனுக்குப் பயப்படுவாளா? அவன் நிறுத்துப் போட்ட அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

“ஒரு சந்தேகம் நைனா. நீ அரிசி நிறுத்தியா, கல்லு நிறுத்தியா?”

“எல்லாருக்கும் குடுக்கறதுதான் உனக்கும். நவுரும்மா.”

“தராசுக்கு இன்னா தெரியும்? கல்லும் அதுக்கு ஒண்ணு, அரிசியும் ஒண்ணு. பொடச்சிட்டு நிறு.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். “யம்மோவ், நவுரு! எங்களுக்கு வேல கீது!” அம்மா புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கூனிக் குறுகி நின்ற எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருந்தது. அன்று அவள் ஜெயித்தாளா? இல்லை. கடைக்காரன் புடைக்கவே இல்லை. அம்மா அந்த அரிசியை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் எடை சரியாக இருக்கிறது என்று அவளைச் சொல்லச் சொல்லி அவன் கேட்டும், அதை மட்டும் அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற துருவும் அப்படித்தான். அதைத் தராசு இரும்போடு சேர்த்துத்தான் எடை போடும். இரும்பு குறையவில்லை என்று காட்டும். உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

பேராசிரியரின் பெயிண்டைப் பூசி, ஒரு வரிசைத் தகடுகளை எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி ஆழத்தில் கட்டினேன். இன்னொரு வரிசையை அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற நீர்மட்டத்தில் கட்டினேன். குளிர்காலம் முழுவதும் அந்தப் படகுத்துறைதான். கை வெடித்து ரத்தம் வந்தது. காதர் பாய் கயிற்றைப் பார்த்துக்கொண்டார். என்ன சோதனை, எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. துணைப் பேராசிரியர் அந்த ஒரு வரியை இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை, தினம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

ரூத் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதிவிட்டாள். முடிவும் வந்தது, கணக்கில் பள்ளிக்கு முதல். அப்பா கல்லூரிப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார், என்னிடமிருந்து செய்தி வரும் வரைக்கும். இதையெல்லாம் அம்மா யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். அம்பத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து ரூத்தைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தது.

8

குழு கூடிய நாளில் நான் புடவைதான் கட்டிக்கொண்டு போனேன். மேலே கோட்டு. கையில் பையில் தகடுகள். பை பாரம் தோளை இழுத்தது. உள்ளே பேராசிரியர், துணைப் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர். உட்காரச் சொன்னார்கள். முதல் தடவையே உட்கார்ந்தேன்.

வருஷத்து வேலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பதில் சொன்னேன். அப்புறம் துணைப் பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

“மிஸ் ஞானமுத்து, ஒரு பழைய விஷயம் பாக்கி இருக்கிறது. கருத்தரங்கில் நீங்கள் ஒரு டவுட் சொன்னீர்கள். அதை வாபஸ் வாங்கி எழுதித் தருவதாக இருந்தீர்கள்.”

“பாதியை வாபஸ் வாங்குகிறேன், சார்.”

வெளியூர்ப் பரீட்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பையிலிருந்து ஆழத்துத் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தேன். “பேராசிரியரின் பெயிண்ட். தேய்த்துக் கழுவி ஒரு தடவை எடை போட்டேன். அப்புறம் அமிலத்தில் ஊறவைத்துத் துருவை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டும் ஒன்றுதான். ஆழத்தில் அவர் சொன்னது சரி. இதில் எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது.”

பேராசிரியர் தலையை மட்டும் அசைத்தார்.

நீர்மட்டத்துத் தகடுகளை எடுத்தேன். “இவை அலையில் நனைந்து காய்ந்தவை. தேய்த்துக் கழுவிப் போட்ட எடையில் ஒரு குறையும் இல்லை, சார். துருவை முழுக்க எடுத்தபின் பாருங்கள்.” அந்த இடத்தில் தகடு அரிசிப் பூச்சி தின்ற மாதிரி குழிகுழியாக இருந்தது.

வெளியூர்ப் பரீட்சகர் ஒரு தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அன்றைக்கு நான் சொன்னது எங்கள் ஊர் டவுட், சார். பதில் தெரியவேண்டும் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதை யாரும் தீர்க்கவில்லை. ஆகவே இன்றைக்கு உங்கள் ஊர் அர்த்தத்திலேயே சொல்கிறேன். நீர்மட்டத்து அளவுகளில், சார், ஐ ஹாவ் எ டவுட்.”

போயிற்று, கப்பல்தான் என்று நினைத்தேன். பந்தல் கண்ணில் தெரிந்தது. ரூத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருந்தாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பி எடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். தகட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். நகத்தால் ஒரு குழியைச் சுரண்டினார். திரும்பி வந்து என்னிடம் பேசாமல் வெளியூர்க்காரரிடம் பேசினார்.

“இதற்கு இன்னொரு குளிர்காலமாவது வேண்டும்.”

“குறைந்தது,” என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. இங்கிலீஷ்காரர்கள் இருக்கச் சொல்கிறார்களா, போகச் சொல்கிறார்களா என்பதை அவர்கள் வார்த்தையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. துணைப் பேராசிரியர் என் பெயருக்கு நேரே ‘தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார். அவரும் போட்டார். “படகுத்துறையில் அந்த இடம் இன்னும் இருக்கிறதா?” என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் சாரி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தகட்டுப் பையோடு நேரே தபாலாபீஸுக்கு ஓடினேன். தந்திக்கான தாளில், நான் தேறியதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ‘ரூத்தைக் காலேஜில் சேர்க்கவும். சாராள்’ என்று மட்டும் இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். உள்ளே இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, பாவம், நல்ல மனத்தோடுதான் கேட்டாள்.

“முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ சேர்க்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன்.